பைன் ஏரிக்கரையின் மரக்கோயில்



பின்லாந்தின் நடுப்பகுதியில் பெட்டயாவெசி என்றொரு சிற்றூர். 'பெட்டயா' என்றால் பைன் மரம். 'வெசி' என்றால் தண்ணீர். மரமும் தண்ணீரும் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. அந்த ஊரின் பழைய லூத்தரன் கோயிலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

லூத்தரன் என்றதும் நமக்குத் தரங்கம்பாடியும் அங்கே வந்த போதகர் சீகன்பால்கும் ஞாபகத்துக்கு வரும். 1718-இல் அவர் எழுப்பிய ஆலயம் காரைக் கட்டடம். பெட்டயாவெசிக்காரர்களுக்குக் கைக்கு எட்டியது காடுதான். இரண்டு ஏரிகள் கூடுமிடத்தில், நீருக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குக் காரணம் அழகல்ல, வழி. கோடையில் படகிலே வரலாம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிட்டால் அதன்மேலேயே வரலாம்.

1763-இல் வேலை தொடங்கி 1765-இல் முடிந்தது. அப்போது பின்லாந்து ஸ்வீடன் அரசின் கீழ் இருந்தது. தலைமைத் தச்சர் யாக்கோ க்ளெமெட்டின்பொய்க்கா லெப்பானென். நடுவிலுள்ள நீளமான பெயரைக் கண்டு மிரளவேண்டாம். க்ளெமெட்டியின் மகன் என்று பொருள். நம்மூர் முன்னெழுத்து மாதிரிதான். 'லெப்பா' என்பதும் அங்கே வளரும் ஒரு மரத்தின் பெயர். ஆக, பைன் ஊருக்குக் கோயில் கட்ட வந்தவர் பெயரிலும் ஒரு மரம்!

கட்டிய விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். மரத்தைத் தூணாக நிறுத்தவில்லை. படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மூலையில் இரண்டு சுவர்களின் மரங்களும் சந்திக்குமிடத்தில் காடி வெட்டி, ஒன்றை ஒன்று கவ்வும்படி பூட்டினார்கள். இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. மரம் எவ்வளவு நீளமோ, சுவரும் ஏறக்குறைய அவ்வளவுதான் போகும். அதற்குமேல் ஒட்டுப்போட்டால் சுவர் தொய்யும். பெரிய கூடம் வேண்டுமென்றால் என்ன செய்வது? சிலுவை வடிவில் நான்கு கைகளை நீட்டிவிட வேண்டியதுதான். இடமும் கிடைக்கும், மூலைகள் கூடக்கூடச் சுவரும் விறைப்பாக நிற்கும். வேதத்துக்கும் பொருத்தம், தச்சுக்கும் பொருத்தம்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் இன்னொரு வியப்பு. நான்கு கைகளின் மேலும் வளைந்த மரக்கூரை. நடுவில் எட்டுப்பட்டைக் கவிகை. ஐரோப்பிய நகரங்களில் கல்லால் கட்டிய உருவத்தை ஒரு நாட்டுப்புறத் தச்சர் பலகையில் கொண்டுவந்திருக்கிறார். இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாயம் பூசாத பைன் சுவர். கூரை வளைவில் மட்டும் ஆங்காங்கே செந்நிறக் கோலங்கள்.

பிரசங்க மேடையைத் தோளில் தாங்கி நிற்பது மரத்தில் செதுக்கிய கிறிஸ்தோபர். குழந்தை இயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடந்ததாகச் சொல்லப்படும் புனிதர் அவர். ஏரியைக் கடந்து வரும் சபையாருக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

1821-இல் லெப்பானெனின் பேரன் எர்க்கி மணிக்கூண்டைக் கட்டி, மூடிய நடை ஒன்றால் கோயிலோடு இணைத்தார். இதற்குள் நாடு ஸ்வீடனிடமிருந்து ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறியிருந்தது. உளி பிடித்த குடும்பம் மாறவில்லை.

1879-இல் ஊரார் புதுக்கோயில் கட்டிக்கொண்டார்கள். பழையது கேட்பாரற்றுப் போனது. என்னைக் கேட்டால், அதுதான் அதற்கு வாய்த்த அதிர்ஷ்டம். புழக்கத்தில் இருந்திருந்தால் கணப்பு வைத்திருப்பார்கள், சாயம் அடித்திருப்பார்கள், சன்னலை மாற்றியிருப்பார்கள். 1920-களில் ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் யோசஃப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி அதன் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு பழுதுபார்க்கும் வேலை நடந்தது. 1994-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் அதையும் சேர்த்தது.

இன்றும் அங்கே கணப்பு கிடையாது. கோடை வந்தால்தான் வழிபாடு, கல்யாணம் எல்லாம்.