மறுக்கப்பட்டவர்களும் கணக்கில் வரவேண்டும்



நலத்தொகைக் கணக்குகள் பற்றிய இக்கருத்தரங்கு கூடியிருக்கும் போத்தனூர் 1862இல் ரயில் வந்த ஊர். இங்கே ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு ஓய்வூதிய ஆணை எண் உண்டு; நவம்பர் பிறந்தால் 'லைஃப் சர்டிபிகேட்' கொடுப்பார். மில்லில் உழைத்து ஓய்ந்தவருக்கு 1995ஆம் ஆண்டின் பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் குறைந்தது 1,000 ரூபாய் வரும். இரண்டுமே இல்லாத முதியவருக்கு மிஞ்சுவது 'ஓ.ஏ.பி. பணம்'.

அந்த முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் முதல் நாள் மாதம் 20 ரூபாயுடன் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் முதல் அது 1,200 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் அறிக்கை தருவார், தாலுகாவில் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருப்பவர் ஒன்றிய அரசின் திட்டத்தில் சேர்ந்திருந்தால், டெல்லியின் பங்கு 200 ரூபாய். மிச்சம் 1,000 மாநிலத்தின் பொறுப்பு. மாநிலத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு முழுத்தொகையும் சென்னையே தருகிறது. கைக்கு வரும் பணம் ஒன்றுதான். செலவு ஏறும் கணக்குகள் வேறு. இந்தப் பங்கீட்டைப் பிரித்துக் காட்டாத பயனாளிப் பட்டியலை வைத்துக்கொண்டு செலவை யாரும் ஆராய முடியாது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, பதிவேட்டின் வலிமையைக் காட்டியது. ரேஷன் கார்டை அடிப்படையாக வைத்து முகாம்கள் நடந்தன. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் குவிந்தன. குடும்ப வருமானம், நில அளவு, ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்புகளோடு அவை சரிபார்க்கப்பட்டு, முதற்கட்டத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்கள் தேர்வாயினர். ஆளுக்கு மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000 கோடிக்கு மேல்.

தேர்வாகாதவர்கள் அரைக் கோடிக்கும் அதிகம். அவர்களுக்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி திறந்தது நல்ல ஏற்பாடு. எத்தனை பேர் எந்த வரம்பில் நின்றுபோனார்கள், மேல்முறையீட்டில் எத்தனை முடிவுகள் மாறின என்பவை தாலுகாவாரியாக வெளிவந்தால்தான் வரம்பு சரியா, விசாரணை சரியா என்று சொல்ல முடியும். மின்கட்டண ரசீது தகுதியைத் தீர்மானிக்கும்போது, ஒரே மீட்டரில் குடியிருக்கும் வாடகைக் குடும்பங்களின் நிலை என்ன? இதற்கு விடை அந்த மேல்முறையீட்டுக் கோப்புகளில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் நலத்தொகை பெறுவோர் எண்ணிக்கையை அரசே காலாண்டுதோறும் வெளியிடுகிறது. அதிகமாகக் கொடுத்த பணத்தோடு, தகுதி இருந்தும் குறைவாகக் கொடுத்த பணமும் ஆண்டுதோறும் மதிப்பிடப்படுகிறது. இங்கோ பேச்செல்லாம் போலிப் பயனாளிகளைப் பற்றியே. உரியவர் விடுபடுவதும் அதே அளவு பிழைதான். அதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே தகவலை வெளியிடும் கடமையை அலுவலகங்கள்மீது வைத்திருக்கிறது. ராஜஸ்தான் 2019இல் 'ஜன் சூசனா' இணையதளத்தைத் தொடங்கி அந்த வழியில் நடந்தது. நம் தாலுகாக்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்கு தணிக்கையாகிறது. உதவித்தொகையில் புதிதாகச் சேர்ந்தவர், மறுக்கப்பட்டவர், நீக்கப்பட்டவர் எண்ணிக்கையையும் காரணத்தையும், பெயர் வெளியிடாமல், அங்கேயே வாசிக்கலாம். அதற்கான படிவம் எப்படி அமைய வேண்டும் என்பதை இன்றைய அமர்வுகள் வரைந்து தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறது இந்தத் தலைமை உரை.