பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியை இளக்காரமாப் பேசாதீங்க

(மாவட்ட இளைஞர் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கண்டிப்பா அனுப்புங்க.)



எனக்கு மேடை புதுசு. நம்ம பக்கத்துக்கு போஸ்டர் டிசைன் பண்றவன், ராத்திரி ரெண்டு மணிக்கு கமெண்ட்ல சண்டை போடுறவன், அவ்வளவுதான். இன்னைக்கு அரசியல் பேச வரலை. எந்தத் திட்டத்தை எந்த ஆட்சி கொண்டுவந்ததுங்கிற சண்டையை நாளைக்கு வழக்கம் போல வெச்சுக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் வர்ற மே மாசத்துல நம்ம தருமபுரி மாவட்டத்து கிராமங்கள்ல என்ன நடக்குதுன்னு மட்டும் பேசிட்டுப் போயிடறேன்.

ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டு வாசலுக்கு ஆள் வந்துடுவாங்க. கையில பளபளன்னு நோட்டீஸ். "லேப்டாப் ஃப்ரீ, ஸ்காலர்ஷிப் உண்டு, நூறு சதவீதம் வேலை, நம்ம காலேஜ் பஸ் உங்க தெருவுக்கே வரும்"னு சொல்லுவாங்க. பேசிக்கிட்டே பிள்ளையோட ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கிப் பையில போட்டுக்குவாங்க. அப்புறம் அந்தப் பிள்ளை மனசு மாறி வேற இடத்துக்குப் போகணும்னா, சான்றிதழை மீட்கவே அப்பன் பத்து தடவை அலையணும். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு 2018-லயே தெளிவாச் சொல்லிடுச்சு. அந்தத் தகவல் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேரலை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை நம்மளோடது.

பிள்ளையை அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம்னு பக்கத்துல இருக்கிற அரசுக் கல்லூரிக்கு அனுப்பலாமேன்னு கேட்டா, "அங்கயா? அது ஒண்ணுத்துக்கும் ஆகாதவங்க போற இடமாச்சே"ன்னு சொல்றாங்க. யாரு சொல்றது? பெரும்பாலும் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காதவங்க.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். வீட்டைவிட்டு இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் கல்லூரி. நாலு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து அஞ்சரை லட்சம் ஆச்சு. அதுல நாலு லட்சம் கல்விக் கடன். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தவணை ஆரம்பிச்சது. இன்னும் ஓடுது. என் படிப்பு எனக்குச் சோறு போடுது, குறை சொல்லலை. ஆனா அந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு என் சித்தி பொண்ணோட கணக்கைப் பாருங்க.

அவ அரூர் பக்கம் ஒரு சின்ன ஊரு. பி.எஸ்சி. கணிதம், அரசுக் கல்லூரி. கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மத்தபடி சேர்க்கைக் கட்டணம், பரீட்சை ஃபீஸ்னு வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். பஸ் பாஸ் இலவசம். மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு. மூணு வருஷத்துக்கும் அவ கட்டினதைக் கூட்டினா என்னோட ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் பில்லைக்கூடத் தாண்டாது. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சவ. அதனால 2022 செப்டம்பர் 5-ல தொடங்கின புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் அவ வங்கிக் கணக்குக்கே வந்துச்சு. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. ஆயிரம் ரூபாய்ல என்ன ஆகும்னு டவுன்ல உக்காந்து கேக்கிறவங்க உண்டு. மாசாமாசம் அப்பாகிட்ட கை நீட்டாம புக்கு வாங்கின பொண்ணுகிட்ட கேளுங்க, என்ன ஆகும்னு சொல்லுவா.

காலையில ஏழு இருபது பஸ். அதை விட்டா அடுத்தது ஒன்பதுக்கு மேல, அதுல போனா முதல் பீரியட் போயிடும். சாயந்திரம் வந்து மாட்டைக் கட்டிட்டு, தண்ணி காட்டிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவா. அப்படிப் படிச்சே குரூப் 2ஏ எழுதி இப்ப உதவியாளரா இருக்கா. டி.என்.பி.எஸ்.சி.க்கு நீங்க எந்தக் கல்லூரியில பட்டம் வாங்கினீங்கங்கிறது கணக்கே இல்ல. பட்டம் இருக்கா, அவ்வளவுதான் கேள்வி. யு.பி.எஸ்.சி.யும் அப்படித்தான். அவகூடப் படிச்ச எல்லாருக்கும் இப்படி அமைஞ்சிடலை, அதையும் சொல்லணும். ஆனா அமையாதவங்க யாரும் கடனோட வெளிய வரலை. வீட்டு நகை அடகுக்குப் போகலை, நிலத்துப் பத்திரம் கைமாறலை. இருபத்தோரு வயசுல அடுத்த அடியை யோசிக்கிறதுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு தவணை கட்டுற எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் சரி தம்பி, பெரிய இடத்துக்குப் போக முடியுமா?"ன்னு ஒரு அண்ணன் நேத்து கேட்டாரு.

இஸ்ரோ தலைவரா இருந்த கே.சிவன் கதையை எடுத்துக்கங்க. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளைங்கிற ஊரு. அப்பா விவசாயி. தமிழ் வழியில அரசுப் பள்ளி. அப்புறம் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம். ஏன் அந்தக் கல்லூரி? வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா தோட்ட வேலைக்கும் உதவலாம்னு அப்பா நினைச்சாருன்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. இன்னைக்கு நம்ம ஊர் அப்பாக்கள் சொல்ற அதே காரணம்! பி.எஸ்சி. முடிச்சுட்டுத்தான் சென்னை எம்.ஐ.டி.யில விமானப் பொறியியல் சேர்ந்தாரு. 1980-ல அந்தப் பட்டம், 1982-ல பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துல முதுகலை, அதே வருஷம் இஸ்ரோ. 2018-ல தலைவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சொந்த ஊர்ல டிப்ளமோ படிச்சு, அப்புறம் இன்ஜினியரிங், திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.ன்னு ஏறினவர். 2023 ஆகஸ்ட் 23 சாயந்திரம் நாம எல்லாரும் டி.வி. முன்னாடி உக்காந்து கைதட்டினோமே, அந்த விண்கலத்துக்குப் பொறுப்பா இருந்தவர் பாலிடெக்னிக் மாணவர்.

எல்லாரும் இஸ்ரோ போகப் போறதில்ல, தெரியும். நான் பார்க்கச் சொல்றது அவங்க போன வழியை. செலவு கம்மியான முதல் படியை வீட்டுப் பக்கத்துல வெச்சாங்க, பெரிய இடத்தை ரெண்டாவது படியாத் தொட்டாங்க. அமெரிக்காவுல இதையே ஒரு முறையாவே நடத்துறாங்க. அங்க கம்யூனிட்டி காலேஜ்னு உண்டு. 1901-ல இல்லினாய்ஸ் மாநிலம் ஜோலியட்டுல ஆரம்பிச்சது. ரெண்டு வருஷம் வீட்டுல இருந்தே குறைஞ்ச செலவுல படிச்சுட்டு, மிச்ச ரெண்டு வருஷத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கலாம். டாலர்ல சம்பாதிக்கிற நாட்டுலயே செலவைப் பார்த்து இப்படிப் படிக்கிறாங்க. நாம மட்டும் வாசல்ல மஞ்ச பஸ் நிக்கணும்னு நிலத்தை அடகு வைக்கிறோம்.

நம்ம ஊர்லயும் அந்த ரெண்டாவது படிக்கு வழி இருக்கு. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. டிப்ளமோ முடிச்சவங்க நேரடியா பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேரலாம், இது பல பேருக்குத் தெரியும். பி.எஸ்சி. முடிச்சவங்களும் பிளஸ் டூவுல கணிதம் படிச்சிருந்தா அதே கவுன்சிலிங்ல போகலாம், இது பாதிப் பேருக்குத் தெரியாது. டான்செட் எழுதி எம்.சி.ஏ. போகலாம், இப்ப அது ரெண்டே வருஷம். ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. போகலாம். சென்னை ஐ.ஐ.டி. டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பை ஆன்லைன்ல நடத்துது. அரசுக் கல்லூரியில பி.ஏ. தமிழ் படிச்சுக்கிட்டே அதையும் படிக்கலாம், ஒரே நேரத்துல ரெண்டு பட்டம் படிக்க 2022-லயே அனுமதி வந்தாச்சு. டி.சி.எஸ்., விப்ரோ மாதிரி கம்பெனிகள் பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களை எடுக்கத் தனித் தேர்வே வெச்சிருக்காங்க. ஐ.டி. அணின்னு பேரு வெச்சிருக்கோம், இதையெல்லாம் நாம சொல்லாம வேற யாரு சொல்லுவா?

இப்ப கசப்பான பக்கம். கல்லூரி இருக்குங்கிறதாலயே எல்லாம் சரியா இருக்குன்னு நான் சொல்ல வரலை. புதுசா அறிவிச்ச பல கல்லூரிகள் ஆரம்பத்துல ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையிலதான் நடந்துச்சு. பாதிப் பாடத்தை கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துறாங்க. நெட், செட், பி.எச்டி. முடிச்சுட்டு, நிரந்தர வேலை எப்ப வரும்னு தெரியாம நிக்கிறவங்க அவங்க. நிரந்தரப் பேராசிரியர் பணியிடத்தை நிரப்புங்கன்னு கேக்கிறது அவங்களுக்காக மட்டும் இல்ல, சித்தேரி மலை இறங்கி வர்ற முதல் தலைமுறைப் பிள்ளைக்காகவும்தான். லேப்ல சாமான் இருக்கணும். பொம்பளப் பிள்ளைங்க கழிப்பறையில தண்ணி வரணும். இதை எந்த ஆட்சி இருந்தாலும் கேக்கணும். நம்ம ஆட்சி இருந்தாலும் கேக்கணும். (இதுக்குக் கைதட்டல் கொஞ்சம் கம்மியாத்தான் வந்துச்சு, பரவாயில்ல.)

எல்லாத்தையும் விட முக்கியம் பஸ்ஸு. சிரிக்காதீங்க. ஒரு பொண்ணு டிகிரி முடிக்கிறாளா இல்லையாங்கிறதை நம்ம பக்கத்துல பேராசிரியர் தீர்மானிக்கிறதில்ல, கடைசி பஸ் தீர்மானிக்குது. சாயந்திர பஸ் ரெண்டு நாள் வரலைன்னா, இருட்டுல ரோட்டுல நின்னுட்டு வந்த பிள்ளைகிட்ட வீட்டுல என்ன சொல்லுவாங்க? "போதும்மா படிச்சது." அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. அந்தப் பிள்ளை பெயில் ஆகலை, பஸ் வரலை. ஆனா கணக்குல அவ படிப்பை நிறுத்தினவ.

அதனால ரெண்டு வேலை கேக்கறேன்.

ஒண்ணு, ஜூன் மாசம் கல்லூரி திறக்கிறதுக்குள்ள உங்க ஊர்ல இருந்து கல்லூரிக்குப் போக எந்த பஸ், எத்தனை மணிக்கு, திரும்பி வர கடைசி பஸ் எதுன்னு எழுதி எனக்கு அனுப்புங்க. எந்த ஊருக்கு நேரம் ஒத்துவரலையோ அந்த ஊர்ப் பிள்ளைங்க, பெத்தவங்க கையெழுத்தோட முதல்ல போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் பார்ப்போம். நடக்கலைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுப்போம். போட்டோ எடுத்துப் போடுறதோட நிறுத்தக் கூடாது, மனு ரசீது நம்பரைக் குறிச்சு வெச்சு மறுபடி போய்க் கேக்கணும்.

ரெண்டு, ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து ஒவ்வொரு ஊராட்சியிலயும் ஒரு மேசை போடுங்க. ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர், ரெண்டு பேர் போதும். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பம் ஆன்லைன்லதான். கட்டணம் ஒண்ணும் பெருசு இல்ல, ஆனா பிரவுசிங் சென்டர்ல அதுக்கு ஐந்நூறு வாங்குறாங்க. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ, வங்கிப் பாஸ் புக் எல்லாம் கையில இருக்கணும். வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவையில சேர்த்தே போட்டு வைங்க, பின்னாடி இன்ஜினியரிங் பக்கம் போனா கட்டணச் சலுகைக்கு உதவும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் கலந்தாய்வு என்னைக்குன்னு போன் பண்ணிச் சொல்லுங்க. தேதி தெரியாமலே சீட்டை விட்ட பிள்ளைங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. ஒரிஜினலை எவர் கேட்டாலும் கையில கொடுக்காதேன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்புங்க.

இன்னொண்ணு, அந்த மேசையில நம்ம கொடி வேணாம். தலைவர் படமும் வேணாம். பேனர் அடிக்கக் கை துறுதுறுன்னு இருக்கும், எனக்கே இருக்கும், டிசைன் பண்றவன் நான்தானே. ஆனா கொடியைப் பார்த்தா மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் வராது. மார்க் ஷீட்ல கட்சி இல்ல தோழர்களே.

மேசை போட முடியுறவங்க ஊராட்சிப் பேரு, உங்க பேரு, எந்த நேரம் இருப்பீங்கங்கிறதை நம்ம அணி வாட்ஸ்அப் குழுவுல இன்னைக்கு ராத்திரியே போடுங்க. லேப்டாப் இல்லாத ஊருக்கு நான் எடுத்துட்டு வர்றேன்.



#பக்கத்துக்_கல்லூரி #கடைசி_பஸ்