பட்டையைக் கூட்டுவதா, குறைப்பதா?

(விருத்தாசலத்தில் நடந்த உதவியாளர் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



கிராம ஊழியத்திற்கென்று நீங்கள் தாங்கிவருகிற பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசும்படி நிர்வாகத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மெக்கானிக் பேச வேண்டியதைப் போதகர் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வாரத்தில் இரண்டு நாள் அந்த வண்டியின் பின்கட்டில் உட்கார்ந்து போகிறவன் நான். அறுபதைத் தாண்டிய என் முதுகெலும்புக்கு இந்த விஷயத்தில் சாட்சி சொல்ல நல்ல தகுதி உண்டு.

சென்னையிலுள்ள ஓர் அன்பான குடும்பத்தார், இந்த வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர்கள் போட்டு, காடு மேடு எல்லாம் ஏறுகிற வண்டியாக மாற்றித் தருவதாக எழுதியிருந்தார்கள். அவர்கள் அன்புக்காக ஸ்தோத்திரம். ஆனாலும் அந்தக் காணிக்கையை வேறு விதமாகச் செலவிட அனுமதி கேட்டுப் பதில் எழுதியிருக்கிறோம். கொடுப்பவர் விரும்பியதை ஏன் மாற்றுகிறார்கள் என்று உங்களுக்கும் ஒரு கேள்வி எழும். அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

நாம் போகிற பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரித் தோப்புகள் இருக்கிற செம்மண் பக்கம் அவ்வளவு தொல்லை இல்லை. மேற்கே நல்லூர், மங்களூர் ஒன்றியங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் மண்ணில்தான் சங்கடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் போன தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கும். தை பிறந்ததும் அந்தத் தடம் அப்படியே காய்ந்து, சூளையில் வைத்த செங்கல்போல் இறுகிவிடும். ஈரத்தில் சிக்கினால் இழுத்துவிட டிராக்டர் வரும். காய்ந்த தடத்தில் குலுங்குவதற்கு யாரும் உதவிக்கு வர முடியாது.

இனி வண்டியைப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கிற பெரிய பிக்கப் வண்டிகள் 1,200 கிலோ முதல் 2,000 கிலோ வரை சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்யப்படுகின்றன. பின் அச்சின்மேல் இருக்கிற பட்டை ஸ்பிரிங் அந்தச் சுமைக்குக் கணக்கிட்டது. நாம் ஏற்றுவது என்ன? ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் அம்மா, மருந்துப் பெட்டிகள், ஒரு ஸ்ட்ரெச்சர், இந்தக் கிழவன். எல்லாம் சேர்ந்தால் 400 கிலோ. மூட்டை ஏற்றியிருந்தால் ஒரு சாண் அமிழ வேண்டிய பட்டை, நமக்கு இரண்டு விரற்கடை கூட அமிழாமல் விறைத்து நிற்கிறது. எவ்வளவு குறைவாக அமிழ்கிறதோ அவ்வளவு வேகமாய் வண்டி துள்ளும். நல்ல கார் நொடிக்கு ஒரு தடவையோ சற்றுக் கூடுதலாகவோ ஆடும். காலி பிக்கப் அதைவிட வேகமாய் உதறும். நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழுமாய் வருகிற அதிர்வுதான் மனித உடம்புக்கு, முக்கியமாக வயிற்றுப் பகுதிக்கு, மிகவும் கேடு என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பீங்கான் கோப்பையும் பியூஸ் கேரியரும் லாரி ஏற்றி அனுப்புகிற ஊர் இது. வைக்கோலை இறுக்கித் திணித்துக் கட்டினால் கோப்பை உடைந்துதான் போய்ச் சேரும். தளர்வாய்ப் போட்டால் ஒன்றோடொன்று மோதி உடையும். அமிழ்ந்து கொடுக்கவும் வேண்டும், ஆடாமல் பிடிக்கவும் வேண்டும். அமிழ்ந்து கொடுப்பது ஸ்பிரிங்கின் வேலை. ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சர்பரின் வேலை. ஷாக் உள்ளே எண்ணெய் சிறு துவாரத்தின் வழியே நெருக்கிப் போகிறது. அப்படியே ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி வெளியேறிவிடுகிறது.

போன பங்குனியில் ஒரு தாயாரை ஏற்றி வந்தோம். கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர், எழுபது வயதுக்கு மேல். மண் பாதை ஏழு கிலோமீட்டர்தான், வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நர்ஸ் அம்மா வழி முழுவதும் அந்தக் காலை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார்கள். அந்தத் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, செபம் அப்புறம் பண்ணலாம், முதல்ல வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றார்கள். நிறுத்தினோம். திரும்பவும் புறப்படத்தானே வேண்டும்?

நம் வண்டியைப் பார்க்கிற பட்டறைக்காரர் நாற்பது வருஷமாய்ப் பட்டை வேலை செய்கிறவர். அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. கிராமப் பாதையில் ஓடும் வண்டி என்றாலே எல்லாரும் இன்னும் ஒரு பட்டை வைத்துக் கட்டச் சொல்கிறார்களாம். வண்டி கொஞ்சம் உயரும், பார்க்கப் பலமாய்த் தெரியும், குலுக்கலும் கூடும். "உங்க வண்டிக்குப் பட்டையக் குறைக்கணும் ஐயா, கூட்டக் கூடாது" என்றார்.

அதற்கும் முன்னே செய்ய வேண்டியவை உண்டு. பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறியிருந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது, ஏழும் ஒரே கட்டையாய் நிற்கும். கழற்றித் துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினாலே பாதி நிம்மதி. ஷேக்கிள் புஷ்கள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஷாக் அப்சர்பரைச் சோதிக்க அவர் ஒரு எளிய வழி சொன்னார். மோசமான பாதையில் ஓட்டிவந்து நிறுத்தியதும் நான்கையும் தொட்டுப் பாருங்கள். மூன்று சூடாயிருந்து ஒன்று குளிர்ந்திருந்தால், அந்த ஒன்று சும்மா தொங்குகிறது. நம்முடையதில் பின்பக்கம் இரண்டுமே குளிர்ந்திருந்தன! விலையுயர்ந்த வெளிநாட்டுச் சரக்கு இதற்குத் தேவையில்லை. கேப்ரியல் கம்பெனிக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. டயர் காற்றும் அப்படித்தான். முழுச் சுமைக்கு எழுதியிருக்கிற அளவைக் காலி வண்டிக்கு அடித்தால் டயரும் கல்லாய்விடும்.

இவையெல்லாம் முடிந்தபின், இப்போதுள்ள கட்டுக்குப் பதிலாக எண்ணிக்கை குறைந்த பட்டைக் கட்டு ஒன்று போடப்போகிறோம். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வருகிற வகை அது. பட்டைகள் ஒன்றோடொன்று அதிகம் உராயாது. அதன் கீழே ஹெல்பர் பட்டை ஒன்று இருக்கும். சாதாரண நாளில் அது தொடாது, கூட்டம் ஏறினால் மட்டும் தாங்கும். ஸ்ட்ரெச்சரையும் பின் அச்சின்மேலிருந்து முடிந்தமட்டும் கேபின் பக்கமாய் முன்னே நகர்த்தி, ரப்பர் கட்டைகளின்மேல் பொருத்துகிறோம். அச்சுக்கு நேர்மேலேயோ பின்னாலோ உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது பஸ்ஸில் கடைசி இருக்கையில் போனவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் உயர்த்தினால் என்ன தவறு? உயரம் வேண்டிய இடம் உண்டு, பாறையும் ஆறும் கடக்கிறவர்களுக்கு. ஏரிக்கரையில் ஒருபக்கம் சாய்ந்து போகிற நமக்கு, உயரம் கவிழ்வதற்குத்தான் உதவும். இன்னொரு காரியம் எனக்குப் புதிது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சோடு இணைத்த ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். வண்டியை உயர்த்திவிட்டு அதைத் திருத்தாமல் விட்டால், ஆள் நிறைய இருந்தாலும் வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகையால் நம் மாற்றத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிக் கேட்டபின்தான் செய்வோம்.

ஒரு நஷ்டமும் உண்டு, அதை மறைக்கவில்லை. இனி அந்த வண்டியில் சிமெண்ட் மூட்டை ஏற்ற முடியாது. புது வார்டு கட்டுகிற சமயத்தில் இது பொருளாளர் ஐயாவுக்குச் சந்தோஷமான செய்தி அல்ல, முகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் ஒரே ஸ்பிரிங் சிமெண்டுக்கும் நோயாளிக்கும் ஒருசேர ஊழியம் செய்யாது. கட்டட வேலைக்கு வாடகை வண்டி பிடிப்போம்.

108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறதே, நமக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவசரத்துக்கு இன்று பெரும்பாலும் 108-ஐத்தான் கூப்பிடுகிறோம், கூப்பிடவும் வேண்டும். ஆனால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து, புண்ணுக்குக் கட்டு, படுத்த படுக்கையாய் இருக்கிறவர்களைப் பார்ப்பது, இவற்றுக்கு நாம்தான் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1906 வாக்கில் மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். 1909-இல் ஒரு பெஜோ கார் வந்தது. சாலையோர மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்த அந்த ஊழியத்திலிருந்துதான் நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொண்டோம்.

பாதையே இல்லாத இடத்தில் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. இறந்த பிள்ளையைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். அங்கே வேண்டியிருந்தது சாலை. நம் ஊர்களில் மோசமோ நல்லதோ, ஒரு பாதை இருக்கிறது.

சென்னைக் குடும்பத்தாரின் பதில் இன்னும் வரவில்லை. சம்மதம் வந்தால் அடுத்த மாதம் முதல் வாரத்தில் வண்டி பட்டறைக்குப் போகும். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை கிளினிக் வாடகை வண்டியில் நடக்கும். கழற்றுகிற பழைய பட்டைகளை நல்லூர்ப் பக்கத்துக் கொல்லர் ஒருவர் இப்போதே கேட்டுவைத்திருக்கிறார். கரும்பு வெட்டுகிற அரிவாளுக்கு வண்டிப் பட்டை எஃகைப் போல் வேறில்லை என்கிறார். அதற்கு என்ன விலை சொல்வதென்று பொருளாளர் ஐயா பார்த்துக்கொள்வார்.