பிரமாதம் இல்லாத தொண்டு

(தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாளில், உத்தம தியாகம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தம தியாகத்திற்குரிய இந்நாளில் உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். இவற்றுள் கல்வித் தானம் நமக்குப் புதியதன்று. சமண முனிவர்கள் தங்கிய உறைவிடத்தின் பெயரான ‘பள்ளி’ என்பதே இன்று தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் இடத்திற்குப் பெயராக நிலைத்திருக்கிறது. நம் இளைஞர்கள் பிற நாடுகளுக்குச் சென்று எளிய குழந்தைகளுக்குத் தொண்டு செய்ய விழைவதும் அம்மரபின் தொடர்ச்சியே.

சென்ற ஆண்டு இதே மேடையில் என் மகளைப் பற்றிப் பெருமையுடன் பேசினேன். விடுமுறையில் நேபாளம் சென்று, காத்மாண்டுவுக்கு அருகில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் கற்பித்தாள். அதற்கு அவளே கட்டணமும் செலுத்தினாள். மல்லிநாதரும் நமிநாதரும் பிறந்த மிதிலை நாட்டின் ஒரு பகுதி இன்று நேபாளத்தில் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். இன்று அந்தப் பேச்சைத் திருத்துவதற்காகவே நிற்கிறேன்.

சில மாதங்கள் கழித்து மகள் என்னிடம் மனம் திறந்தாள். “அப்பா, நான் புறப்பட்ட அன்று ஆறு வயதுப் பையன் ஒருவன் அழவே இல்லை. ‘அடுத்த அக்கா எப்போது வருவார்?’ என்று மட்டும் கேட்டான். எனக்கு முன்னே எத்தனை பேர் வந்து போயிருந்தால் அவன் அப்படிக் கேட்டிருப்பான்!” என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். அநாதைகள் என்று அறிமுகப்படுத்தப்பட்ட பிள்ளைகளில் பலர், ஊரில் இருக்கும் தங்கள் தாயைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறார்கள்.

இது அந்த ஓர் இல்லத்தின் கதையன்று. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களின் பெற்றோர், தம் பிள்ளைகள் போரில் இழுக்கப்படுவார்களோ என்று அஞ்சினர். தலைநகரில் நல்ல படிப்பும் பாதுகாப்பும் கிடைக்கும் என்று தரகர்கள் உறுதி கூறினர். நிலத்தை விற்றும் பணம் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் உண்டு. வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் இறந்ததாகப் பொய்ச் சான்றிதழ்கள் ஆயத்தமாயின.

2004-இல் கானர் கிரென்னன் என்ற அமெரிக்க இளைஞர் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் இத்தகைய ஓர் இல்லத்திற்குத் தொண்டராக வந்தார். அங்குள்ளவர்கள் அநாதைகள் என்றே அவரும் நம்பினார். பிறகு ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தேடி வந்தபோது உண்மை தெரிந்தது. அவர் 2006-இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளின் படங்களை எடுத்துக்கொண்டு ஹும்லாவின் மலைப்பாதைகளில் நடந்து, பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

போர் முடிந்த பின்னும் இத்தொழில் ஓயவில்லை. நேபாளத்தில் இத்தகைய இல்லங்களின் பெரும்பகுதி, சுற்றுலாப் பயணிகள் மிகுந்த ஐந்து மாவட்டங்களிலேயே அமைந்திருந்தது. அங்கு வாழ்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். வறுமை மலையில் இருக்க, இல்லங்கள் மட்டும் விமான நிலையத்தின் அருகே பெருகுவானேன்? அங்கேதான் நாம் வந்து இறங்குகிறோம். நம் கட்டணமும் நன்கொடையும் இரக்கமும் அங்கேதான் வந்து சேர்கின்றன. சில இல்லங்களில், பார்ப்பவர் மனம் இளக வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் கந்தலிலும் அரைவயிற்றிலும் வைக்கப்பட்டனர்.

உலகம் இதை மெல்ல உணர்ந்து வருகிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்திற்குப் பின், பெற்றோர் துணையோ உரிய அனுமதியோ இன்றிக் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்ல நேபாள அரசு தடை விதித்தது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும் தன் தீர்மானத்தில், அநாதை இல்லங்களில் நடைபெறும் சுற்றுலாத் தொண்டு குடும்பங்கள் பிரியவும் குழந்தைகள் கடத்தப்படவும் வழிவகுக்கலாம் என எச்சரித்தது.

அன்பர்களே, என் மகள் செய்தது பாவமா என்று நான் பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன். அவள் நோக்கத்தில் குறை இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது. ‘பிரமாதம்’ என்றால் இன்று நாம் மிகச் சிறப்பு என்று பொருள் கொள்கிறோம். நம் சாத்திரங்களில் அதன் பொருள் விழிப்பின்மை. இம்சையை விளக்குமிடத்தில் தத்துவார்த்த சூத்திரம் இந்தப் பிரமாதத்தையே அதன் மூலமாக வைக்கிறது. சென்ற ஆண்டு என் பேச்சைக் கேட்டு நீங்கள் ‘பிரமாதம்’ என்றீர்கள். இரு பொருளிலும் அது உண்மையாயிற்று.

முனிவர்கள் நடக்கும்போது நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி அடி வைப்பதை ஈரியா சமிதி என்கிறோம். ஓர் எறும்புக்காக இவ்வளவு பார்க்கும் நெறியில் பிறந்த நாம், ஐம்பொறியும் மனமும் பெற்ற ஒரு குழந்தையின் வாழ்வுக்குள் பார்க்காமல் அடி வைக்கலாமா?

தானத்தின் பயன் கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கைப் பொறுத்து வேறுபடும் என்பது நம் ஆசாரியர்கள் கண்ட உண்மை. வெளிநாட்டில் தொண்டாற்ற எண்ணும் இளைஞர்கள் இந்நான்கையும் ஆராய வேண்டும்.

பெறுபவர் யார்? அந்த நிறுவனம் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்க முயல்கிறதா, தன்னிடம் வைத்துக்கொள்ள முயல்கிறதா என்று முதலில் கேளுங்கள். கொடுப்பவராகிய நீங்கள் யார்? உங்கள் நற்சான்றையும் பின்னணியையும் விசாரியாமல், பணம் கட்டியவுடன் பிள்ளைகளிடம் விடும் இடம் வேறு எவரையும் அவ்வாறே உள்ளே விடும். அங்கே செல்லாதீர்கள். பொருள் எது? இரண்டு வாரப் பாசத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுப் பறித்துக்கொண்டு வருவது தானமாகாது. உள்ளூர் ஆசிரியருக்குப் பயிற்சி, கணக்கு எழுதுதல், கணினிப் பணி, மொழிபெயர்ப்பு ஆகியவை நாம் திரும்பி வந்த பின்னும் அங்கே நிற்கும். முறை எது? நாள்தோறும் பிள்ளைகளோடு இருக்கும் பொறுப்பு அம்மண்ணின் மொழி பேசும், நிலையாகத் தங்கும் பணியாளருக்கே உரியது. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்துப் பரப்ப நமக்கு உரிமை இல்லை.

வெளிநாடு செல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்திற்கு உணவு கொண்டு சென்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நன்றிப் பாட்டுப் பாடச் செய்து படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு விதவைத் தாய்க்குப் பள்ளிச் செலவைக் கொடுத்தால், அவள் பிள்ளை அந்த வரிசைக்கே வரவேண்டியிராது.

என் மகள் இப்போது பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் ஒரு சிறிய நேபாள அமைப்புக்கு, வீட்டிலிருந்தே வாரம் இரண்டு மாலை கணக்கு எழுதித் தருகிறாள். எந்தக் குழந்தையும் அவளை அக்கா என்று அழைப்பதில்லை. காட்டுவதற்கு அவளிடம் படமும் இல்லை. தியாகம் என்ற சொல்லின் பொருளை இதைப் பார்த்தே நான் சற்று விளங்கிக்கொண்டேன்.

இன்னும் சில நாட்களில் க்ஷமாவணி நாளில் நாம் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுவோம். சென்ற ஆண்டு உங்களுக்கு அரைகுறைச் செய்தி சொன்னதற்காக உங்களிடம் இன்றே பொறுப்பு வேண்டுகிறேன். அடுத்த அக்கா எப்போது வருவார் என்று கேட்ட அந்தச் சிறுவனிடமும் வேண்டுகிறேன். அவனுக்கு இனி எந்த அக்காவும் வரவேண்டாம். அவன் தாய் வரட்டும்.

அறம் வளர்க.