கஞ்சி கொடுத்த பெண்

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டின்போது ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்லக் கூடியிருக்கிறோம். அதோடு, சிறு பிள்ளைகளாக இங்கே நாம் கற்றுக்கொண்ட விசுவாசம் இன்று நம் கைகளில் எப்படி இருக்கிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்ப்போம். நம்மிடையே சைவ, இஸ்லாமிய சகோதரிகளும் இருக்கிறார்கள். காலை வழிபாட்டில் நம்மோடு தோளோடு தோள் நின்றவர்கள் அவர்கள். நாம் பேசப்போவது அவர்களுக்கு அந்நியமான விடயமல்ல.

நமது புதுக்கடைக்கு ஹல்ஸ்டோர்ப் என்றொரு பெயரும் உண்டு. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஹுல்ப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயர் அது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்தது. குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்துவிட்டது. நாளெல்லாம் சட்டம் பேசுகிற இந்த மேட்டிலிருந்து அதை நினைக்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அந்தத் தடைக்குள் நுழைந்தவர் புனித யோசவாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில், கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தவர். குருவுக்குரிய அங்கியைக் கழற்றிவிட்டு, கூலியாளின் உடையில், தூத்துக்குடியிலிருந்து தோணியேறி 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வேடம் என்று இதைச் சொல்கிறோம். ஆனால் வேடமென்றால் வேண்டியபோது கழற்றிவைக்கலாம். அவரோ உண்மையிலேயே பசித்தார், உண்மையிலேயே வீடுவீடாகப் பிச்சை கேட்டார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார்.

வந்த புதிதில் வயிற்றளைச்சல் கண்டு, கவனிப்பாரற்றுக் கிடந்தார். அப்போது ஒரு பெண் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிடப்பவர் ஒரு குருவானவர் என்று அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அவர் கண்டது ஒரு நோயாளிப் பிச்சைக்காரரை மட்டுமே. புனிதரை விட்டு அந்தப் பெண்ணிடமே நம் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. பெண்கள் பாடசாலையில் படித்தவர்கள் அல்லவா, போகத்தான் செய்யும்.

அடிகளாரும் பின்னாளில் அதே வேலையைத்தான் செய்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. மன்னரும் நகரைவிட்டு வெளியேறினார், உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளார் வீடுவீடாகச் சென்று, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கமும் செய்தார். நோயாளி பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவரை ஒற்றரென்று சொல்லிச் சிறைவைத்த நகரம் அது. 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் பலர் வெயிலில் நின்று பார்த்தோம்.

இனி நம் வீட்டுக்காரியம். நூற்றாண்டையொட்டி, வசதி குறைந்த மாணவியருக்குக் கொப்பிகளும் சப்பாத்துகளும் வழங்க நிதி சேர்ந்திருக்கிறது. கொடுத்த எல்லோருக்கும் நன்றி. எப்படி வழங்குவது என்பதுதான் இப்போது கேள்வி. பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்டு, மேடையில் கொடுத்து, படம் பிடிப்பது எங்கும் உள்ள வழக்கம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கைப் பற்றுச்சீட்டு காட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன் வகுப்புத் தோழியர் முன்னிலையில், ஒரு சோடிச் சப்பாத்துக்காக அந்தப் படிகளில் ஏறத் தேவையில்லை. மறுநாள் அந்தச் சப்பாத்தோடு அவள் வகுப்புக்குப் போக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

எனவே செயற்குழுவிடம் நாம் கேட்பது இதுதான்: பொருட்களை அதிபரிடம் ஒப்படைப்போம். வகுப்பாசிரியை அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுத் தனியே கொடுக்கட்டும். பொதியில் சங்கத்தின் பெயரும் வேண்டாம், கொடுத்தவரின் பெயரும் வேண்டாம்.

இன்னொன்று, மதிய போசனம். முன் மேசைகளுக்குப் பெயர் அட்டை வைப்பதா என்று ஒரு பேச்சு நடக்கிறது. நம்மில் டொக்டர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வீடுகளில் சமையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வரத் தயங்குவதாகக் கேள்விப்படுகிறோம். அட்டைகளை விட்டுவிட்டு, ஓ.எல். எழுதிய ஆண்டுப்படி அமர்வோம். அப்போது யார் பக்கத்தில் யார் இருப்பார் என்பது நமக்கே தெரியும், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்தானே. தயங்குகிறவர்களின் வீடு தெரிந்தவர்கள் இன்று மாலையே போய்க் கூப்பிட்டுவிடுங்கள்.