ஒரே சந்தா, இரண்டு படம்

போன மாதம் எங்கள் படிப்பகத்தில் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' பார்த்தோம். 2013இல் வந்த மராத்திப் படம். புரொஜெக்டர் கிடையாது, என் போனைச் சுற்றி எட்டுப் பேர். கடைசியில் பிடித்த பன்றியைத் தூக்கிக்கொண்டு பள்ளிச் சுவரைக் கடந்து போவார்கள். அந்தச் சுவரில் அம்பேத்கரும் சாவித்திரிபாய் புலேவும் இருக்கிறார்கள். எங்களுக்கு நிறத் திட்டுகள்தான் தெரிந்தன. "யாருண்ணே அது?" என்றாள் பத்தாவது படிக்கும் தங்கை ஒருத்தி.

நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. பக்கத்திலிருந்த தோழரின் போனில், அதே வைஃபையில், அதே கணக்கில் படம் பளிச்சென்று ஓடியது.

காரணம், வைட்வைன் என்கிற பூட்டு. எல்1 போனில் சிப்புக்குள் இருக்கும் தனி அறையிலேயே பூட்டைத் திறப்பார்கள், எச்டி கிடைக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருள்தான். பல செயலிகள் 480பியோடு வாசலில் நிறுத்திவிடும். (கருவறை ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.) என் போனின் திரை ஃபுல் எச்டி, ஆனால் எல்3. விலை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஒன்பிளஸ் 5 வாங்கியவர்களே 2018இல் போனை நிறுவனத்துக்கு அனுப்பித்தான் எல்1 பெற்றார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும் நம் ஆட்கள் யாருக்கு அனுப்புவது?

கேமரா மெகாபிக்சலைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இந்த எல் எண்ணைப் போட்ட பெட்டியை நான் பார்த்ததில்லை. என் சந்தாவிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. போன் வாங்கும்போது கடையிலேயே 'டிஆர்எம் இன்ஃபோ' செயலியைப் போட்டுப் பாருங்கள்.

வரும் ஞாயிறு அந்தத் தோழரின் போனில் மறுபடி பார்க்கிறோம். தங்கையும் வருகிறாள்.