சண்டையும் ஒரு தொழிலாகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வன்னி மண்ணில் நின்றுகொண்டு 'சண்டை' என்ற சொல்லை உச்சரிப்பது இலகுவன்று. 2009ஆம் ஆண்டை மறவாத ஒரு தாயின் முன்னே, "அம்மா, நான் சண்டைக்காரனாகப் போகிறேன்" என்று மகன் சொன்னால், அவள் நெஞ்சு என்ன பாடுபடும்! ஆயினும் எங்கள் வாலிபர் சிலர் அதைத்தான் சொல்லுகின்றனர். கைத்தொலைபேசியிலே கூண்டுச் சண்டையைக் கண்டு, படிப்பை விட்டு அதனையே தொழிலாகக் கொள்ளலாமா என்று கேட்கின்றனர். அவர்களை நகையாடுதலும் முறையன்று; கைதட்டி அனுப்பிவிடுதலும் முறையன்று. ஆகவே அத்தொழிலின் உண்மையைச் சற்று ஆராய்வோம்.

இருவர் ஆயுதமின்றிப் பொருதுவது பழைய விஷயமே. கோயில் வீதியிற் கதை கேட்ட எங்களுக்கு வீமனையும் சராசந்தனையும் தெரியும். குத்துச்சண்டை, மல்யுத்தம், யூடோ முதலிய பலவற்றையும் ஒன்றாக்கிய கலப்புச் சண்டை, 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யூ.எஃப்.சி. நடத்திய போட்டியோடு உலகறிந்ததாயிற்று. அன்று விதிகள் சொற்பம். இன்றோ எடைப் பிரிவுகள் உண்டு. ஐந்து நிமிடச் சுற்றுக்கள் மூன்று, பட்டப் போட்டியாயின் ஐந்து. கண்ணைத் தோண்டுதலும் தலையால் முட்டுதலும் விலக்கப்பட்டுள்ளன. தாங்கமாட்டாதவர் கையால் தட்டினால் நடுவர் அக்கணமே நிறுத்துவார்.

இத்தொழிலில் ஒருவர் வாழ்வு எப்படிச் செல்கிறது? இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே முசாபர்நகர் மாவட்டத்துப் புதானா என்னும் ஊரிற் பிறந்த பூஜா தோமரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலிற் கற்றது வூசு என்னும் சீனக் கலை. அதில் தேசிய வீராங்கனையான பின்னரே கூண்டுக்குள் நுழைந்தார். ஆசியக் களத்தில் வெற்றியும் கண்டார், தோல்வியும் கண்டார். 2020 ஜனவரியில் பாங்கொக்கிலே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ் முதற் சுற்றிலேயே அவரை வென்றார். அத்துடன் ஊர் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பர்? அவரோ இந்தியாவிலேயே மீண்டும் பொருது பட்டம் வென்றார். 2023இல் யூ.எஃப்.சி. அவரை ஒப்பந்தஞ் செய்தது. 2024 ஜூன் 8ஆம் நாள் லூயிவில் நகரில், மூன்று நடுவருள் இருவர் தீர்ப்பால் வென்று, அக்களத்தில் வெற்றிபெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். 2025 மார்ச்சில் இலண்டனில் நடந்த அடுத்த போட்டியில், அயர்லாந்தின் ஷோனா பானன் கையை மடக்க, தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். மலையும் மடுவுமாகச் செல்லும் வாழ்வு இது!

வருவாய் எத்தகையது? இங்கே மாதச் சம்பளம் இல்லை. போட்டிக்கு இவ்வளவு என்று பேசப்படும். வென்றால் மேலும் கிடைக்கும். காயப்பட்டு வீட்டிலிருந்தால் கை வெறுங்கை. தங்களுக்குரிய ஊதியம் குறைக்கப்பட்டதென 2014இல் வீரர்கள் தொடுத்த வழக்கு, நிறுவனம் 37 கோடி 50 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியதோடு முடிந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் சென்றன. உலகப் புகழ்பெற்ற களத்திலேயே இதுவானால், சிறு களங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

உடலுக்கு வரும் தீங்கோ இன்னும் பெரிது. எடைப் பிரிவுக்குள் வருவதற்காக உடலின் நீரை வற்றச் செய்யும் வழக்கத்தால், 2015 டிசம்பரில் மணிலாவிலே யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் உயிர்நீத்தார். அவருக்கு வயது 21. எங்கள் வயதுதான்! அதன் பின்னரே அப்போட்டியை நடத்தியோர் அம்முறையைத் தடுத்தனர். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடியோ மூளையைப் பல ஆண்டு கழித்தும் வருத்தவல்லது.

அப்படியானால் இக்கலையே வேண்டாமா? அவ்வாறு நாங்கள் சொல்லவில்லை. 2022இல் பாகிஸ்தானில் நடந்த சவேட் குத்துச்சண்டைப் போட்டியிலே, எமது முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கப் பதக்கம் வென்றாரல்லவா? எங்கள் பிள்ளைகளிடம் ஆற்றல் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. யுத்தம் வெறுப்பைக் கற்பித்தது. நல்ல ஆசானிடம் கற்கும் சண்டையோ அடக்கத்தைக் கற்பிக்கும். எதிராளி தட்டியதும் பிடியை விடப் பழகியவன், வீதியிலும் கோபத்தை விடப் பழகுவான்.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். தம்பிமாரே, தங்கைமாரே! உயர்தரப் பரீட்சையை முடியுங்கள். மல்யுத்தத்தையோ குத்துச்சண்டையையோ ஆசானிடம் முறையாகப் பயிலுங்கள். தொழில் என்ற பேச்சு அதற்குப் பின்னர் வரட்டும். பெரியோர்களே! பெண்பிள்ளை என்று தடுக்காதீர்கள். பயிற்சிக்குச் சென்றுவர ஒரு துணையாயிருங்கள். சங்கத்தாரே! மெத்தை விரித்த ஓர் அறையும், மாதமொருமுறை வந்து பார்க்கும் ஒரு வைத்தியரும் போதும். தலையில் அடிபட்ட பிள்ளை வைத்தியர் சம்மதமின்றி மீண்டும் களமிறங்கலாகாது என்ற விதியை முதலில் எழுதி வையுங்கள்.

அன்று மகன் சொன்னதைக் கேட்டுக் கலங்கிய அத்தாய், அவ்வறையின் வாசலில் நின்று அச்சமின்றி அவன் பயிற்சியைப் பார்க்கும் நாள் வரவேண்டும். அதற்கு நாம் எல்லோரும் உழைப்போமாக!